வாசகசாலையும் ஊரவரும்

தோற்றுவாய்

ஒரு தெருவில் வீடுகள் அடுத்தடுத்து நிற்றலால் மட்டும் அத்தெருவார் ஒரு கூட்டத்தவர் ஆகிவிடார். ஒரு சுவரை இடையிட்டு இருபதாண்டு வாழ்ந்தும் ஒருவர் பெயரை மற்றவர் அறியாத நகரங்கள் உள. நான்கு கல் இடையிட்டு வாழ்ந்தும், ஒரு கண்மாயின் நீரைப் பங்கிட்டுக் கொள்ளுதலால் ஒருவரை ஒருவர் ஓயாது நாடும் சிற்றூர்களும் உள. ஆகவே அண்மை வேறு, உறவு வேறு. அண்மையை உறவாக்குவது யாதெனின், பலர்க்கும் பொதுவாயதொரு பொருளும், அதனைப் பேணுதற்குப் பலரும் கைகலந்து செய்யும் தொழிலுமே என்க. அத்தகைய பொதுப்பொருள்களுள் ஒன்றாகிய வாசகசாலையை எடுத்துக்கொண்டு, அஃது எவ்வாறு ஓரூரவரை ஒன்றுகூட்டும், எவ்வாறு கூட்டத் தவறும் என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நூற்பயிற்சியினின்று மட்டும் எழுந்ததன்று; எம் தோல்வியொன்றினின்றும் எழுந்தது. அதனை முதற்கண் கூறுதலே நேர்மையாகும்.

எம் தோல்வி

கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் யாம் ஒன்பதின்மர் கூடி, கல்லூரிக்கு ஒரு கல் தொலைவிலுள்ள குடியிருப்பொன்றில் வாசகசாலை தொடங்கினோம். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் கூலி வேலை செய்வோரும், சிறு கடை வைத்திருப்போரும், அவர்தம் மக்களுமே. தேநீர்க் கடையை ஒட்டிய ஓர் அறையை வாடகைக்குப் பெற்றோம். விடுதி நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டு முந்நூறு நூல்கள் திரட்டினோம். நாளிதழ் மூன்றும் கிழமை இதழ் இரண்டும் வாங்கினோம். தொடக்க விழாவில் பெரியோர் இருவர் சொற்பொழிவாற்றினர்; யாவர்க்கும் சுண்டல் வழங்கினோம். அறிவொளி அத்தெருவில் எம்மால் ஏற்றப்பட்டது என்றே எண்ணி இறுமாந்திருந்தோம்.

முதல் மாதம் சிறுவர் நிறைந்திருந்தனர். மூன்றாம் மாதம் நால்வர் ஐவரே வந்தனர். பருவத் தேர்வு வந்தது. யாம் கதவைப் பூட்டிச் சாவியை எம்மிடமே வைத்துக்கொண்டு மூன்று கிழமை படிக்கப் போய்விட்டோம். மீண்டு சென்றபொழுது, ‘ஏன் பூட்டினீர்கள்?’ என்று எம்மை வினவியவர் ஒருவரேனும் இலர். அன்றே அவ்வாசகசாலை இறந்துவிட்டது. யாம்தாம் அதனை அறிந்திலேம். எட்டாம் மாதம் வாடகை கொடுக்க வழியின்றி மூடினோம். பதிவேட்டைப் புரட்டியபொழுது, முந்நூறு நூல்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டவை ஒருமுறையேனும் அறையை விட்டு வெளியே சென்றில என்பது தெரிந்தது.

நூல்களைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு மூதாட்டி திண்ணையில் அமர்ந்து நோக்கியிருந்தவர், “ஏந் தம்பி, உங்க வாசகசாலைய எடுத்துட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். அவர் குறையாகக் கூறிற்றிலர், அன்பாகவே கேட்டார். ஆயினும் ‘உங்க’ என்னும் அவ்வொரு சொல்லில் எம் தோல்வியின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது. அஃது அவர்களுடைய வாசகசாலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதன் பின்னரே, இத்தொழிலை நம் நாட்டில் முன்னர்ச் செய்தோர் எவ்வாறு செய்தனர் என்று கற்கத் தொடங்கினோம். செய்தற்கு முன் கற்றிருக்க வேண்டியதனைச் செய்து கெட்டபின் கற்றோம் என்பதனை ஒளியாமல் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

நூல்கள் பயன்பாட்டிற்கே

நூலகத் துறையைப் பற்றிப் பேசப் புகுவோர் சீ. இரா. அரங்கநாதனாரை விட்டுப் பேசுதல் இயலாது. 1892-ஆம் ஆண்டில் சீகாழியிற் பிறந்த அவர், எமது போன்றதொரு மிஷன் கல்லூரியாகிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணக்குப் பயின்றவர்; பின்னர்க் கணக்காசிரியராய் விளங்கியவர். 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பெற்றார். ஆயின் அப்பணி தொடக்கத்தில் அவர்க்கு இனித்திலது. ஆளரவமற்ற நூலகத்தில் அமர்ந்திருத்தல் தாங்காமல், வகுப்பறைக்கே மீள விரும்பினார் என்ப. இங்கிலாந்து சென்று, அங்குள்ள பொது நூலகங்களில் தொழிலாளரும் மகளிரும் சிறாரும் தடையின்றிப் புகுந்து பயன்பெறுதலைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. 1925-இல் தாயகம் திரும்பிய அவர், தம் வாழ்நாள் முழுவதையும் அத்துறைக்கே ஈந்தார்.

அவர் 1931-இல் வெளியிட்ட நூலில் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்துள்ளார். நூல்கள் பயன்பாட்டிற்கே உரியன என்பது முதல் விதியின் கருத்து. படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்கேற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய படிப்போனை அடைதல் வேண்டும் என்பது மூன்றாவது. படிப்போரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் வளரும் இயல்புடைய ஓர் உயிரி என்பது ஐந்தாவது.

இவற்றை முதன்முறை படித்தபொழுது, ‘இவை யாவரும் அறிந்தனவே, விதியென வகுத்தற்கு இவற்றில் என்ன உளது?’ என்று எம்மில் ஒருவர் கூறினார். ஆயின் முதல் விதியொன்றை மட்டும் எம் வாசகசாலைக்குப் பொருத்திப் பார்த்தபொழுது நாணினோம். நூல்கள் பயன்பாட்டிற்கே எனின், வாசகசாலை பயன்படுத்துவோர் வரக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். வரக்கூடிய நேரத்தில் திறந்திருத்தல் வேண்டும். யாம் தேர்ந்த இடமோ ஆடவர் கூடிப் புகைபிடித்துப் பேசும் தேநீர்க் கடையின் பக்கம். அவ்வழியே நடந்து ஒரு பெண்ணேனும் உள்ளே வரவில்லை. யாம் திறந்த நேரமோ மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை. அஃது எமக்கு ஓய்வான நேரம், அத்தெருவின் மகளிர்க்கு அடுப்படி நேரம். பாதித் தெருவை எம்மை அறியாமலே யாம் வெளியே நிறுத்தியிருந்தோம்.

இரண்டாம் விதியும் எம்மைக் குற்றவாளியாக்கிற்று. யாம் இரந்து பெற்ற நூல்கள் பிறர்க்கு வேண்டாதுபோன நூல்கள். பழைய பாடநூல்களும், அட்டை கிழிந்த ஆங்கிலப் புதினங்களும் அவற்றுட் பல. அத்தெருவின் இளைஞர் அரசுப் பணித் தேர்விற்குரிய நூல்களைத் தேடிக்கொண்டிருந்தனர். தாய்மார் பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைகளைத் தம் மக்களுக்குப் படித்துக் காட்ட விரும்பினர். யாம் அவர்களைக் கேட்டதே இல்லை.

வாயிலுக்குச் சென்ற வண்டி

ஊரவர் வாராராயின் நூல் அவர்பாற் செல்லுதல் வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்லதொரு சான்று உண்டு. 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பார் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. நூல்களை அடுக்கிய வண்டி, சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்று நின்றது. வயலினின்று மீளும் உழவர், நகரத்திற்கு நடந்து செல்லாமல் தம் ஊர் எல்லையிலேயே நூலைக் கையிற் பெற்றனர். வண்டியோட்டம் மெதுவானது, ஆயின் அது சென்று சேர்ந்த இடம் படிப்போன் வீட்டு வாயில்.

இதற்கு முன்னரே, 1910-ஆம் ஆண்டு முதல், பரோடா சமத்தானத்தில் மன்னர் மூன்றாம் சயாஜிராவ், அமெரிக்க நாட்டினராகிய போர்டன் என்னும் நூலகரை வரவழைத்து, நகரம் முதல் சிற்றூர் வரை நூலகங்களை ஏற்படுத்தினார். நூல்களைப் பெட்டியில் அடைத்து ஊர்தோறும் அனுப்பும் முறையும் அங்கு இருந்தது. அம்முறையில் எம் மனத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. ஊரார் தாமே ஒரு தொகை திரட்டினால், அதற்கு ஈடாக அரசும் உள்ளூர் மன்றமும் தத்தம் பங்கினைத் தரும். மன்னர் நினைத்திருப்பின் முழுத் தொகையையும் தாமே தந்திருக்கலாம். ஊராரின் பங்கை முதலில் வேண்டியதன் பயன் யாதெனில், தன் காசு கலந்த பொருளை ஒருவன் எளிதில் அழியவிடான் என்பதே. ஈகையை விட ஈடுபாடு வலிது என்பதனை அம்முறை உணர்த்துகின்றது.

நாற்பத்தேழு சிற்றூர்ச் சாலைகள்

மலையாள நாட்டின் வரலாறு இன்னும் ஒருபடி மேற்சென்று கற்பிக்கின்றது. நீலம்பேரூரைச் சார்ந்த பி. என். பணிக்கர் என்பார் 1926-இல், தம் பதினேழாம் அகவையளவில், தம் ஊரிலே வாசகசாலையொன்றை நிறுவினார். பின்னர்ப் பள்ளியாசிரியராகத் தொண்டாற்றினார். 1945-ஆம் ஆண்டு அம்பலப்புழையில் அவர் கூட்டிய கூட்டத்திற்கு நாற்பத்தேழு உள்ளூர் நூலகங்கள் வந்து சேர்ந்தன. அக்கூட்டத்தினின்றும் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் பிறந்து, பின்னர்க் கேரளம் முழுவதும் பரவிற்று. இன்று அங்கு ஆயிரக்கணக்கான நூலகங்கள் உள. அவற்றின் உறுப்பினரே தம் நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அரசு பொருளுதவி செய்கின்றது. பணிக்கர் மறைந்த நாளாகிய ஜூன் 19 ஆண்டுதோறும் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நாற்பத்தேழு நூலகங்களைப் பணிக்கர் புதிதாகக் கட்டினாரல்லர். அவை முன்னரே ஆங்காங்கு இருந்தன. தனித்தனியே நின்று தளரவிருந்தவற்றை அவர் ஒன்றோடொன்று அறிமுகம் செய்தார். ஊரவரை ஒன்றுகூட்டப் புகுவோன் புதியதொன்றை நிறுவுதற்கு முன், முன்னரே அங்குள்ளது யாது என்று தேடுதல் வேண்டும். எம் தெருவில் மகளிர் சுயவுதவிக் குழு ஒன்று ஒவ்வொரு கிழமையும் கூடுவதனை யாம் வாசகசாலையை மூடிய பின்னரே அறிந்தோம். அவர்கள் ஓராண்டும் தவறாமல் கூடுகின்றனர், கணக்கெழுதுகின்றனர், கடன் கொடுத்து வாங்குகின்றனர். ஒன்றுகூடும் கலையை அவர்களுக்குக் கற்பிக்கச் சென்ற எமக்கு அவர்களன்றோ ஆசிரியராயிருத்தல் வேண்டும்!

தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. விடுதலைக்குப் பின் இந்திய நாட்டில் எழுந்த முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் பெறப்பட்டு, அதனால் மாவட்டந்தோறும் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடைபெறுகின்றன. அந்நூலகங்களைச் சார்ந்து வாசகர் வட்டங்கள் அமைக்கவும் இடமுண்டு. நூலகம் அரசின் கையில் இருப்பினும், வட்டம் ஊரவர் கையில் உளது. ஆகவே வரி கொடுப்பதோடு எம் கடன் தீர்ந்தது என்று இராமல், வட்டத்தில் அமர்ந்து, இன்ன நூல் வேண்டும், இன்ன நேரம் திறக்க வேண்டும் என்று கேட்பதும் குடிமக்களின் கடனாம்.

யாழ்ப்பாணத்துச் சான்று

ஊரவர்க்கு உரிமையாகிவிட்ட வாசகசாலை எத்துணை வலிமையுடையது என்பதற்கு யாழ்ப்பாணமே தலைசிறந்த சான்றாகும். கே. எம். செல்லப்பா என்பார் 1933-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலே நூல்களை வைத்து அயலவர்க்கு இரவல் வழங்கினார். இலவச நூலகம் அமைத்தற்குப் பொதுமக்களின் துணையை வேண்டினார். ஊர்ப் பெரியோர் குழுவாகக் கூடினர். 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு நகரசபை அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் பெரியதொரு கட்டடம் வேண்டுமென்று, பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் முதலியோர் உழைத்தனர். சென்னைச் சிற்பி நரசிம்மனார் வரைந்த திட்டத்தின்படி எழுந்த கட்டடம் 1959-இல் திறக்கப்பெற்றது. அரங்கநாதனாரின் அறிவுரையும் அம்முயற்சிக்குக் கிடைத்தது.

1981-ஆம் ஆண்டு மே திங்கள் இறுதி நாளிரவு வைத்த தீயில் அந்நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் எழுப்ப முயன்றபொழுது போர் அதனைச் சிதைத்தது. 2003-ஆம் ஆண்டில் அது மறுபடியும் திறக்கப்பெற்றது. உள்ளூரவரும் கடல்கடந்து வாழ்வோரும் அதற்கு நூல்கள் அளித்து வந்துள்ளனர்.

எம் வாசகசாலை மூன்று கிழமை பூட்டியிருந்தபொழுது ஒருவரும் வினவவில்லை. யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்து நாற்பதாண்டு கடந்தும் அதனை நினைந்து தமிழர் வருந்துகின்றனர். இரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமை நூல்களின் எண்ணிக்கையன்று. அதுவும் ஒரு வாடகை அறையிலேதான் தொடங்கிற்று. அங்கு தொடங்கினவர் அவ்வூரவர். கொடுத்தவரும் படித்தவரும் காத்தவரும் அவ்வூரவர். எமதோ வந்தேறியது.

ஒரு தடை விடை

‘கைபேசியிலே உலகச் செய்தியெல்லாம் நொடியில் வருகின்ற இக்காலத்தில் வாசகசாலை எதற்கு? ஊரவர் தம்முட் பேசுதற்கும் அதுவே போதாதோ?’ என்று வினவுவோர் உளர். நாளிதழ் படிப்பதற்கு மட்டும் வாசகசாலை எனின் அவ்வினா பொருத்தமே. எம் நாளிதழ்களைத் தொடுவார் இல்லாமையே அதற்குச் சான்று. ஆயின் செய்தி பெறுதல் வேறு, துணை பெறுதல் வேறு. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத ஒருவர்க்கு அருகமர்ந்து எழுதித் தருவோர் வேண்டும். வீட்டில் ஓர் அறையே உடைய மாணவிக்கு இரவில் இருந்து படிக்க விளக்கும் அமைதியும் வேண்டும். இவற்றைத் தருதற்கு ஓர் இடமும், அவ்விடத்தில் அயலவர் சிலரும் இருத்தல் இன்றியமையாதது. கைபேசி அவர்களை அழைக்க உதவும். அவர்க்காக வந்து அமராது.

மறுமுயற்சி

இவற்றைக் கற்றபின், மறு ஆண்டு அத்தெருவிற்கு மீண்டும் சென்றோம். இம்முறை நூல் கொண்டு சென்றோமல்லேம். ஒரு வெற்றுக் குறிப்பேடு மட்டும் கொண்டு சென்றோம். வீடுதோறும் சென்று, வேண்டுவன யாவை என்று கேட்டு எழுதினோம். எழுபத்தொரு வீட்டில் நூல் வேண்டும் என்றோர் சிலரே. விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும், தேர்வு நூல் வேண்டும் என்றோரே பலர்.

இடத்தை யாம் தேர்ந்திலேம். சுயவுதவிக் குழுவினர் தாம் கூடும் வீட்டுத் திண்ணையையே காட்டினர். நேரத்தையும் அவர்களே குறித்தனர்: பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மகளிர்க்கும் சிறார்க்கும், இரவு எட்டு முதல் பத்து வரை தேர்வு எழுதும் இளைஞர்க்கும். நூல்கள் முந்நூறு அல்ல, அறுபதே. அவற்றுள் ஒவ்வொன்றும் யாரேனும் ஒருவர் கேட்டுப் பெற்றது. வீட்டிற்கு மாதம் பத்து ரூபாய் என்று அவர்களே வரையறுத்துக்கொண்டனர். அத்தொகை சிறிதே; ஆயினும் அது வந்தபின் கணக்குக் கேட்போரும் வந்தனர். கணக்குக் கேட்பார் உள்ள இடத்தில் உயிர் உளது என்று அறிந்தோம்.

எல்லாம் இனிது நடந்தது என்று கூறின் பொய்யாகும். தெருவின் வடபாலார் தென்பாலார் திண்ணைக்கு வரத் தயங்கினர். அத்தயக்கத்தின் வேர் சாதியென்பதனை யாம் அறிவோம், அவர்களும் அறிவர். அறிவுரை கூறிப் பார்த்தோம், பயனில்லை. பின்னர் வடபாலிருந்து அரசுப் பணித் தேர்வு எழுதவிருந்த பெண்ணொருத்தி, தேர்வு நூலின் பொருட்டு ஒருநாள் வந்தார்; மறுநாள் தம் தங்கையோடு வந்தார். இன்று வடபாலினின்று ஆறு வீட்டார் வருகின்றனர். மற்றையோர் இன்னும் வரவில்லை. தேவை ஒன்று திறக்கும் கதவைச் சொற்பொழிவு பத்தும் திறவா என்பது எம் பட்டறிவு. தேவையாலும் திறவாத கதவுகள் உள என்பதும் அப்பட்டறிவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஊரவரை ஒன்றுகூட்ட விரும்புவோர் முதற்கண் கேட்டல் வேண்டும். பின்னரே கொடுத்தல் வேண்டும். முன்னரே அங்குள்ள கூட்டங்களைத் தேடி அவற்றோடு இணைதல் வேண்டும். இடமும் நேரமும் வருவோர்க்கு ஏற்றனவாதல் வேண்டும். ஊரவரின் காசும் உழைப்பும் சிறிதேனும் கலத்தல் வேண்டும். இறுதியாக, தொடங்கினவர் விலகுதற்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இவ்வைந்தனுள் இறுதியதே கடிது.

எம்முள் மூத்தோர் இவ்வாண்டு கல்லூரியை விட்டு நீங்குகின்றனர். ஏனையோரும் அடுத்த ஆண்டு நீங்குவர். கல்லூரி மாணவர் ஓரூரில் மூன்றாண்டு விருந்தினர். விருந்தினர் கையில் வீட்டுச் சாவி இருத்தல் தகாது. ஆதலின் சென்ற திங்களில் அலமாரியின் சாவியையும், பதிவேட்டையும், கணக்கேட்டையும் சுயவுதவிக் குழுவினரிடம் ஒப்படைத்தோம். சாவியைப் பெற்றவர், முன்னர் எம்மைத் திண்ணையிலிருந்து வினவிய அம்மூதாட்டியின் மருமகள்.

தேர்வு நெருங்கியமையின் கடந்த இரு கிழமையாக யாம் அங்குச் செல்லவில்லை. நேற்று அவ்வழியே சென்ற நண்பரொருவர் வந்து, திண்ணையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றார். யார் ஏற்றினர் என்று அவர்க்குத் தெரியவில்லை, எமக்கும் தெரியாது. அன்பர்களே, நீவிரும் உம் ஊர்களுக்கு மீளும்பொழுது இத்தகையதொரு விளக்கிற்குத் துணை செய்வீராக. அதனை ஏற்றும் கை நும் கையன்றி ஊரவர் கையாகும் நாளே நும் பணி நிறைவுற்ற நாள் எனக் கொள்வீராக.